மாட்டு டாக்டர் விளம்பரம் செய்யலாமா?

எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஒரு சிறு யுத்தம் நடந்தது. வில்லியனூர் – பாகூர் சாலையில் புதிதாகக் கால்நடை மருத்துவமனை வைத்திருக்கும் ஓர் இளைஞர், தம்முடைய பெயர், படிப்பு, பதிவு எண், இடம், நேரம், கைப்பேசி எண் இவற்றைப் போட்டு, "மாடு, ஆடு, நாய், கோழி எல்லாவற்றுக்கும் மருத்துவம் பார்க்கப்படும், கன்று ஈனும் சமயத்தில் இரவிலும் வீட்டுக்கு வருவேன்" என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். "டாக்டர் தொழில் என்ன சோப்பு வியாபாரமா?" என்று ஒருவர் கேட்டார். "கைராசி இருந்தால் ஜனம் தானாக வரும். பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு?" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் ஒரு ரோஜாப்பூ படத்தைப் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். பாவம், அந்த இளைஞர் தம் செய்தியை நீக்கிவிட்டார்.

நீக்கியிருக்க வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன். அதே மூச்சில், இன்று சில கால்நடை மருத்துவர்கள் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் செய்கிற காரியங்கள் எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் போகிறேன். இரண்டும் முரண் அல்ல.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்தக் காலப் பாடத்தில் இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று "அவி". மற்றது "ரெக்லாம்". அவி என்றால் அறிவிப்பு: இன்ன நாள், இன்ன இடம், இன்ன காரியம். ரெக்லாம் என்றால் விளம்பரம்: எங்கள் சரக்கைப் போல உலகத்தில் வேறு சரக்கே கிடையாது என்பது. எங்கள் வாசிப்புப் புத்தகத்தில் பிரான்ஸ் தேசத்துக் கிராமக் காவலர் ஒருவர் மேளத்தைத் தட்டிக்கொண்டு "ஊராருக்கு அவி!" என்று கூவுகிற கதை வரும். நமக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நம் ஊரிலும் தமுக்கு அடித்தார்கள். வெக்கை நோய்க்கு ஊசி போட மாட்டாஸ்பத்திரி ஆள் வருகிறார், எல்லாரும் மாட்டை ஏரிக்கரைக்கு ஓட்டி வாருங்கள் என்று தமுக்குக்காரர் சொன்னால், அது அறிவிப்பு. அதை யாரும் விளம்பரம் என்று பழிக்கவில்லை. மாடுகள் பிழைத்தன. அந்த வெக்கை நோயே உலகத்தை விட்டு ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி. ஆனால் ஊசி இருக்கும் இடத்துக்கு மாட்டை வரவைத்தது தமுக்கு.

பிறகு அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்தேன். அறிவிப்பு எழுதியே என் விரல் தேய்ந்தது. ஓர் அறிவிப்பில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகாரம் உண்டு என்று நினைக்கிறேன்.

இந்த விஷயத்தில் நம் மண்ணிலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. இளைய தலைமுறைக்கு அது தெரியாது. நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் "தகவல் கிராமம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. கனடா நாட்டு ஆராய்ச்சி அமைப்பு ஒன்று பண உதவி செய்தது. கிராமத்தில் ஒரு கம்ப்யூட்டர். கரண்ட் நிற்கும் என்பதற்காகச் சூரிய ஒளித் தகடு. தொலைபேசிக் கம்பியை நம்ப முடியாது என்பதற்காக வயர்லெஸ். வில்லியனூர் மையத்திலிருந்து தகவல் போகும். நெல் விலை, அரசாங்க உதவித் திட்டம், பஸ் நேரம், ஆஸ்பத்திரியில் எந்த டாக்டர் எப்போது இருப்பார், இதெல்லாம் தமிழில். "நம்ம ஊரு செய்தி" என்று ஒரு பத்திரிகையும் அங்கிருந்து வந்தது. வீராம்பட்டினத்தில் அன்றைய அலையின் உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மீனவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் படகை இறக்கலாமா என்று முடிவு செய்வார்கள்.

அந்தக் கிராமங்களில் ஒன்று கீழூர். கீழூர் என்றால் நமக்கு என்ன நினைவு வரும்? 1954 அக்டோபர் 18. நம் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்த இடம். நினைவு மண்டபம் இன்றும் இருக்கிறது. அந்தக் கீழூரில் நடந்த ஒரு மாட்டுக் கதையை 2000-ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க் டைம்ஸ் நாளேடு எழுதியது.

எழுதப் படிக்கத் தெரியாத ஓர் அம்மாள். அவர் வீட்டில் இருந்த ஒரே கறவை மாட்டின் பெயர் ஜெயலட்சுமி. அந்தக் குடும்பத்துக்கு உருப்படியான வருமானம் அதன் பால் ஒன்றுதான். மாட்டுக்குக் கன்று ஈனும் நேரம் வந்தது. கன்று வெளியே வரவில்லை. ஐந்து நாள், ஐந்து இரவு மாடு முனகிக்கொண்டே கிடந்தது. செய்தி தகவல் மையம் இருந்த வீட்டுக்கு எட்டியது. அங்கே சம்பளம் வாங்காமல் கம்ப்யூட்டரைக் கவனித்துவந்த, கல்லூரியில் படித்த பெண், வட்டாரக் கால்நடை மருத்துவர்களின் பட்டியலைத் திரையில் எடுத்தாள். அன்றிரவே ஒரு டாக்டர் வந்தார். ஒரு குண்டு பல்பு வெளிச்சத்தில் கையை உள்ளே விட்டு, கன்றின் காலைப் பிடித்து, கயிறு கட்டி இழுத்து வெளியே எடுத்தார்.

இந்தக் கதையில் நான் கவனிக்கச் சொல்வது கம்ப்யூட்டரை அல்ல. முதல் விஷயம், அந்த டாக்டர் எங்கேயோ நிலாவில் இருந்தவர் அல்ல. அன்றிரவே வந்து சேரும் தூரத்தில்தான் இருந்தார். ஐந்து நாளாக மாடு முனகியபோதும் அதே தூரத்தில்தான் இருந்தார். இடையில் இல்லாமல் போனது ஒரு பெயரும் ஒரு எண்ணும். இரண்டாவது, அவருக்குப் புதிய நோயாளியைக் கொண்டுவந்து கொடுத்தது புகழ்மாலை அல்ல. ஒரு பட்டியலில் ஒரு வரி. அது அவி. ரெக்லாம் அல்ல.

"பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு" என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். பூவின் வாசம் தெருக்கோடி வரைக்கும் வரும். டாக்டரின் திறமைக்கு வாசம் கிடையாது. இரவு இரண்டு மணிக்கு மாட்டுக்கொட்டகையில் நிற்கிறவனுக்கு அது வந்து எட்டாது. குடத்துக்குள் விளக்கு எரிந்து யாருக்கு லாபம்?

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துத் தெருவில் கணவரை இழந்த ஒரு பெண்மணி, சங்கத்தில் கடன் வாங்கி ஒரு கலப்பினப் பசு வைத்திருந்தார். மூன்றாவது ஈத்து. கன்று நன்றாகப் பிறந்தது. மறுநாள் இரவு மாடு படுத்தது, எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடித்துக்கொண்டது. காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. இதற்குப் பால் காய்ச்சல் என்று பெயர். பெயர்தான் காய்ச்சல், உடம்பு குளிர்ந்துதான் போகும். நிறையப் பால் கறக்கிற மாட்டுக்கு, ஈன்ற ஓரிரு நாளில் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இறங்கிவிடுவதால் வருகிறது. கால்சியம் மருந்தை நரம்பில் ஏற்றினால், பல மாடுகள் டாக்டர் பையை மூடுவதற்குள் எழுந்து நிற்கும்.

ஆனால் அந்த வீட்டுப் பையன் கைப்பேசியில் தேடினான். ஏதோ ஒரு வீடியோ வந்தது. நல்லெண்ணெயில் எதையோ கலக்கி மூங்கில் குழாயால் வாயில் ஊற்றச் சொன்னது. ஊற்றினார்கள். அந்த நிலையில் இருக்கும் மாட்டால் சரியாக விழுங்க முடியாது. ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். விடியற்காலை மாடு இறந்தது. அறுபதாயிரம் ரூபாய் மாடு. கடன் தவணை பாக்கி நிற்கிறது. கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்தார்கள்.

அந்த வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு கால்நடை மருத்துவர் குடியிருந்தார். பதிவு பெற்றவர். அவர் போர்டு வைக்கவில்லை. "நமக்கு எதற்கு விளம்பரம்" என்று இருந்துவிட்டார். வீடியோ போட்ட ஆசாமிக்கு அந்தக் கூச்சம் இல்லை. நல்லவர்கள் கூச்சத்தால் வாயை மூடிக்கொண்டால், அந்த இடம் காலியாக இருக்காது. வாய் உள்ளவன் வந்து உட்கார்ந்துகொள்வான். என் கட்சிக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? குமாஸ்தா புத்தி, அதைப் பார்க்காமல் போகாது. இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம் 1984-ல் வந்தது. பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவம் செய்யலாம் என்பது அதன் அடிப்படை. முதலுதவி போன்ற சிறு சேவைகளுக்கு மட்டும் சில விலக்கு. மருத்துவர்களின் நடத்தை விதிகள் 1992-ல் வந்தன. விளம்பரம் செய்து ஆள் பிடிப்பதை அவை தொழிலுக்கு அடாததாகவே பார்க்கின்றன. அந்த விதி எழுதப்பட்டபோது வாட்ஸ்அப் இல்லை. பொதுமக்களுக்கான இண்டர்நெட்டே இந்தியாவுக்கு 1995 ஆகஸ்டில்தான் வந்தது. ஆனால் விதியின் உட்பொருள் பழசாகிவிடவில்லை. நோய் கண்டவனின் பயத்தைக் காசாக்காதே என்பதுதான் அது.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம். நம் கீழூர் வாக்கெடுப்பு நடந்த அதே ஆண்டு. மந்திரம், தாயத்து என்று சொல்லி நோய் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை அது தடுக்கிறது. மனிதருக்கு மட்டும் அல்ல. மிருகங்களின் நோயும் அதில் அடக்கம். இதைப் பலர் அறியார்.

பிரான்ஸில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் லியோன் நகரில் தொடங்கியது. அதற்கும் மாடுகளை வாரிக்கொண்டு போன கொள்ளை நோய்தான் காரணம். ஆகவே இந்தத் தொழிலில் அவர்கள் மூத்தவர்கள். அங்கேயும் கால்நடை மருத்துவர் விளம்பரம் செய்வதற்கு நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. 2015-ல் விதியைத் திருத்தினார்கள். இப்போது மருத்துவர் பொதுமக்களிடம் எந்த வழியிலும் பேசலாம். ஆனால் பேசுவது நேர்மையாகவும், அறிவியல் ஆதாரம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். கேட்பவரின் அறியாமையையோ நம்பிக்கையையோ சுரண்டக் கூடாது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. வாயைக் கட்ட வேண்டாம். வாயில் வருவதற்குப் பொறுப்பு வை.

இனி, நம் கொம்யூன்களில் தொழில் செய்யும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு கிழவனின் யோசனைகள். குரும்பாப்பேட்டில் நம்முடைய கால்நடை மருத்துவக் கல்லூரி 1994 முதல் இருக்கிறது. இன்று ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அங்கே ஐந்தரை வருஷம் படித்து வெளியே வருகிற பிள்ளைக்கு மாட்டின் எல்லா எலும்பும் தெரியும். தான் இருப்பதை ஊருக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரிவதில்லை.

முதலாவது, அறிவிப்பை அறிவிப்பாக எழுதுங்கள். பெயர், பதிவு எண், இடத்துக்கு அடையாளம், நேரம், கைப்பேசி, என்னென்ன மிருகம் பார்ப்பீர்கள், வீட்டுக்கு வருவீர்களா, வந்தால் கட்டணம் எவ்வளவு. இந்தக் கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை; ஆனால் கிராமத்து மனிதர் டாக்டரைக் கூப்பிடத் தயங்குவதற்குப் பாதிக் காரணம் "எவ்வளவு கேட்பாரோ" என்ற பயம்தான். கூகுள் மேப்பில் இடத்தைச் சரியாகக் குறித்து வையுங்கள். எங்கள் பாகூர்ப் பக்கத்தில் ஒரு வயல் புதுச்சேரி, அடுத்த வயல் கடலூர் மாவட்டம். வழி தவறினால் மாநிலமே மாறிவிடும். நீங்கள் ஊரில் இல்லாத நாளை முன்கூட்டியே போடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவர் மறுபடி வரமாட்டார். "நம்பர் ஒன்", "நூறு சதவீதம் குணம்" என்ற வார்த்தைகள் உங்கள் பக்கத்தில் எங்கும் இருக்கக் கூடாது.

இரண்டாவது, காலம் அறிந்து சொல்லுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னால் ஒரே ஒரு செய்தி போடுங்கள்: பாசத்தில் பொங்கலையும் சோற்றையும் வாளிக் கணக்கில் வைக்காதீர்கள்; அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் அது புளித்து, உயிருக்கே ஆபத்தாகும். தீபாவளிக்கு முன்னால் வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடும் நாய்களைப் பற்றிச் சொல்லுங்கள். கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசாங்கமே இலவசமாகப் போடுகிறது; தேதி வந்ததும் அதை நினைவுபடுத்துங்கள். கன்று வீச்சு நோய்க்கான ஊசி, நான்கு முதல் எட்டு மாதத்துக் கிடேரிக் கன்றுக்குத்தான் போடுவார்கள். வயது தாண்டிவிட்டால் போச்சு. இதை எத்தனை பேர் அறிவார்கள்? செப்டம்பர் 28 வெறிநோய் தினம். எங்கள் பாடப் புத்தகத்தில் படமாக இருந்த லூயி பாஸ்தேர் மறைந்த நாள் அது. 1885-ல் ஒரு சிறுவனுக்கு அவர் போட்ட ஊசியின் கதையைச் சொல்லி, நாய்க்கு ஊசி போடச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்றிலாவது "என்னிடம் வாருங்கள்" என்ற வார்த்தை வேண்டாம். அடியில் உங்கள் பெயர் இருந்தால் போதும். ஒரு வருஷம் இப்படிப் பயனுள்ளதைச் சொன்னவரின் எண், மாட்டுக்காரர் கைப்பேசியில் தானாக ஏறியிருக்கும்.

இப்படித்தான் பெயர் பெற்றார் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். மடிநோய்க்குச் சோற்றுக் கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்துப் பூசும் முறையை அளவோடு சொல்லிக்கொடுத்தார். கற்றாழை 250 கிராம், மஞ்சள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். பத்திரிகையிலும் வீடியோவிலும் பயிற்சி வகுப்பிலும் அது பரவியது; தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே அந்த முறைகளை மற்ற மாநிலங்களுக்கும் கொண்டுபோனது. அவர் தம்மை விற்கவில்லை. தெரிந்ததைக் கொடுத்தார். பெயர் பின்னால் வந்தது. பக்கத்துத் தெரு மாட்டைக் கொன்ற வீடியோவும் "நாட்டு மருந்து" என்றுதான் சொன்னது. வித்தியாசம் என்ன? ஒன்றில் படித்தவர் ஒருவர் நோயை அறிந்து, அளவு சொல்லி, தம் பெயரால் பொறுப்பேற்கிறார். மற்றதில் முகமும் இல்லை, அளவும் இல்லை, நோயின் பெயர்கூட இல்லை.

மூன்றாவது, கேமராவை யோசித்து எடுங்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கன்று எடுக்கும் காட்சியைப் பாட்டுப் போட்டு ரீல்ஸ் ஆக்குகிறார்கள். மாட்டுக்கார அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பது தெரிகிறது. அவரிடம் கேட்டீர்களா? இரவு இரண்டு மணிக்கு உங்களைத் தெய்வமாக நினைத்து நிற்கிறவர், வேண்டாம் என்று சொல்வாரா? அதற்குப் பெயர் சம்மதம் இல்லை. இன்னொன்றும் உண்டு, பட்டணத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அந்த வீட்டு மாட்டுக்கு மடிநோய் என்று ஊருக்கெல்லாம் படம் காட்டினால், மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் பாத்திரம் நீட்டுவதற்கு ஆள் இருக்காது. மாடு குணமாகிப் பத்து நாள் கழிந்தும் பேச்சு ஓயாது. உங்களுக்கு ஆயிரம் லைக். அவருக்கு ஒரு மாதப் பால் நஷ்டம். எடுக்கத்தான் வேண்டுமென்றால் மாடு எழுந்து நின்ற பிறகு, கேட்டு, முகமும் வீடும் தெரியாமல் எடுங்கள்.

கேமரா டாக்டருக்கும் இரட்டை முனைக் கத்திதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டாக்டர் போல் என்ற முதிய கால்நடை மருத்துவரை வைத்து 2011 முதல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வந்தது, உலகப் புகழ். கார் மோதிய நாய்க்கு அவர் செய்த அறுவைச் சிகிச்சை அதில் ஒளிபரப்பானது. கையுறை, முகமூடி இல்லாமல் செய்தார் என்று அதைப் பார்த்த ஒருவர் புகார் கொடுத்தார். மாநில வாரியம் தண்டித்தது. 2016-ல் மேல் முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கடைசியில் நியாயம் கிடைத்தது, சரி. ஆனால் அந்த நாய் பிழைத்தது; அதன் சொந்தக்காரருக்கும் குறை இல்லை. வழக்கைக் கொண்டுவந்தது கேமரா மட்டும்தான்.

நான்காவது, வாட்ஸ்அப்பில் வைத்தியம் பார்க்காதீர்கள். படம் அனுப்பச் சொல்லிப் பார்ப்பதில் தப்பில்லை. இது இப்போதே ஓடி வரவேண்டியதா, காலை வரை தாங்குமா என்று தீர்மானிக்க உதவும். ஆனால் குழுவில் எல்லாரும் பார்க்க மருந்தின் பெயரும் அளவும் எழுதாதீர்கள். ஒரு மாட்டுக்கு எழுதியதைப் பத்து வீட்டில் வாங்கிக் கொடுப்பார்கள். ஊசி போட்ட பிறகு இத்தனை நாள் பாலைக் கறந்து கொட்டவேண்டும் என்ற கணக்கு அந்தச் செய்தியோடு போகாது. அந்தப் பால் நம் பேரக் குழந்தையின் டம்ளருக்குத்தான் வரும்.

ஐந்தாவது, உள்ளூர்ச் செய்தியாளர்களைப் பகைக்கவும் வேண்டாம், விலைக்கு வாங்கவும் வேண்டாம். தினமலரும் தினத்தந்தியும் புதுச்சேரிப் பக்கத்தில் கொம்யூன் செய்திகளுக்கு இடம் கொடுக்கின்றன. நம்மைப் போன்ற வயதினர் இன்றும் காலையில் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். ஆனால் அங்கே வருகிற கால்நடைச் செய்தி என்ன? "இலவச முகாம் நடந்தது." கீழே ஒரு படம். முன்வரிசையில் பொன்னாடை போர்த்திய பிரமுகர்கள் ஏழு பேர். பின்னால் டாக்டரின் பாதித் தலை. மாடு படத்திலேயே இல்லை. ஃப்ளெக்ஸ் பேனரைப் பார்த்தாலும் அப்படித்தான். முகாமின் தேதியைக் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். முகாம் முடிந்த பிறகு வரும் செய்தி, நடத்தியவருக்கு உதவும். முகாமுக்கு முன்னால் வரும் செய்தி மாட்டுக்கு உதவும். நிருபரிடம் தேதியும் நோயின் பெயரும் எழுதிய ஒரு தாளைக் கொடுங்கள். "இந்த வாரம் இந்த ஊரில் இந்த நோய் தென்படுகிறது, இதைக் கவனியுங்கள்" என்று நான்கு வரி கொடுத்தால் எந்தப் பத்திரிகையும் வேண்டாம் என்று சொல்லாது. 2022-ல் பெரியம்மை போலத் தோல் கழலை நோய் நாட்டையே ஆட்டியபோது, அந்த நான்கு வரிக்கு எத்தனை தேவை இருந்தது!

கடைசியாக ஒன்று. கைப்பேசியோடு நின்றுவிடாதீர்கள். நம் ஊரில் மாட்டைக் கவனிப்பவர் பெரும்பாலும் பெண்கள், அதிலும் வயதானவர்கள். பெரிய திரைக் கைப்பேசி மகன் கையில். மகன் வேலைக்குப் போய்விடுவான். அம்மாளுக்குத் தெரிந்த இடங்கள் பால் சொசைட்டி, ரேஷன் கடை, கோயில். பான்லேவுக்குப் பால் ஊற்றும் சொசைட்டி வாசலில் காலையும் மாலையும் எல்லாரும் கேனோடு நிற்கிறார்கள். அந்தச் சுவரில் உங்கள் எண் பெரிய எழுத்தில் இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டுச் சந்தைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

இந்த ஊர்களுக்கு ஒலிபெருக்கியின் அருமை தெரியும். 2004 டிசம்பர் 26 காலை, அந்தத் தகவல் திட்டத்தில் முன்பு பணியாற்றிய நல்லவாடு இளைஞர் ஒருவர், சிங்கப்பூரில் டிவியில் சுனாமியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரையை விட்டு ஓடித் தப்பினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின, மனிதர்கள் இருந்தார்கள். அந்த ஒலிபெருக்கி அன்றுதான் முதல் முறை பேசியிருந்தால் எத்தனை பேர் ஓடியிருப்பார்கள்? அலை, விலை, பஸ் நேரம் என்று தினம் தினம் உண்மையைச் சொல்லி வந்த குரல் என்பதால் நம்பினார்கள். மருத்துவருக்கும் அதுவே. ஆபத்து வரும் நாளில் உங்கள் வார்த்தையை நம்ப வேண்டுமானால், சாதாரண நாட்களில் அந்த வார்த்தை மெய்யாக இருந்திருக்க வேண்டும்.

மருத்துவர்களுக்குச் சொல்லியாயிற்று. என் வயது வாசகர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறேன். குழுவில் ஒரு டாக்டர் தம் எண்ணைப் போட்டால் கேலி செய்யாதீர்கள். அவர் பதிவு பெற்றவர்தானா என்று மட்டும் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. பெற்றவர் என்றால் அந்த எண்ணை மாட்டுக்கொட்டகைச் சுவரில் கரியாலோ சுண்ணாம்பாலோ பெரிதாக எழுதி வையுங்கள். கீழே 1962 என்றும் எழுதுங்கள். நமக்கு 1962 என்றால் ஆகஸ்டு 16, பிரான்ஸிடமிருந்து சட்டப்படி நாம் கைமாறிய நாள்தான் நினைவு வரும். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை அழைப்பதற்கு நாடு முழுவதற்கும் வைத்திருக்கும் எண்ணும் அதுதான். நமக்கு மறக்காது.

கைப்பேசியில் சார்ஜ் இறங்கும், குழுவில் செய்தி நீங்கும். சுவரில் எழுதியது இரவு இரண்டு மணிக்கும் அங்கேயே இருக்கும்.